மெஷினை விடுங்கள், ஸ்டிரிப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வியர்வையிலிருந்தே சர்க்கரை அளவைச் சொல்லிவிடும் கைப்பட்டை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. 'இனி ஊசி வேண்டாம்' என்ற தலைப்பைப் பார்த்ததுமே என் மனைவி அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். பதினேழு வருடமாக விரலில் குத்திக்கொண்டிருப்பவன் நான். அவருக்கு வந்த சந்தோஷம் எனக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு முறை படித்தும் நான் தேடியது அதில் இல்லை. பட்டையில் புளூடூத் இருக்கிறது, செல்போனுக்கு ஆப் இருக்கிறது, பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதுகூட இருக்கிறது. வியர்வையில் உள்ள சர்க்கரையைத் தொட்டு அடையாளம் காண்கிற பொருள் எது, அது எத்தனை நாள் கெடாமல் நிற்கும்? இதற்கு ஒரு வரிகூட இல்லை.

நான் திருப்பூரில் 31 வருடம் பனியன் பிரிண்டிங் பட்டறை நடத்தியவன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. இப்போது பட்டறையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் ஒரு டீ குடித்து, ஸ்கிரீனைச் சரியாகக் கழுவவில்லை என்று யாரையாவது திட்டிவிட்டு வருவேன். இவனுக்கும் பயோசென்சருக்கும், அதாவது உயிர்ப்பொருளை வைத்துச் சர்க்கரை மாதிரி சாமானை அளக்கிற கருவிக்கும், என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, சர்க்கரை பார்த்து முடித்த ஸ்டிரிப்பை, ரத்தத் துளியை ஏற்றி மெஷினில் செருகுகிற அந்தச் சின்னத் துண்டை, குப்பையில் போடப் போனேன். மேசையில் பிக் கிளாஸ் கிடந்தது. துணியில் நூல் எண்ணிப் பார்க்கிற சின்ன மடக்குக் கண்ணாடி அது, எங்கள் ஊரில் பலர் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள். சும்மா ஸ்டிரிப்பை அதன் அடியில் வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கோடுகளின் ஓரம் நேராக இல்லை. ரம்பப் பல் மாதிரி பொடிப்பொடியாக மேடும் பள்ளமும். அந்த ஓரத்தை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். ஸ்கிரீன் துணியின் நூல் விட்டுப்போகிற தடம் அது. வாழ்நாளெல்லாம் அந்தப் பல் தெரியாமல் அச்சடிக்கத்தானே பாடுபட்டிருக்கிறேன்.

உடனே மகளைக் கூப்பிட்டேன். வேதியியலில் முதுகலை படித்தவள். "ஆமாங்கப்பா, நீங்க போடற அதே பிரிண்டுதான். பேஸ்டுக்குப் பதிலா கரி மை, பனியனுக்குப் பதிலா பாலியெஸ்டர் ஷீட்டு" என்றாள். சில கம்பெனிகள் மெல்லிய தங்கத்தையோ பல்லேடியத்தையோ பூசி லேசரால் கீறிக் கோடு எடுப்பதும் உண்டாம். என் டப்பாவில் இருந்தது கரி மைதான். இத்தனை வருடம் என் தொழிலையே விரலில் ஒட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன், தெரியவில்லை.

அப்புறம் தினமும் ராத்திரி அவளுக்குப் போன் போட்டுப் பாடம் கேட்க ஆரம்பித்தேன். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன், தப்பிருந்தால் உங்கள் வாசகர்களில் படித்தவர்கள் திருத்தட்டும்.

எங்களுக்கு மை காய்ந்தால் வேலை முடிந்தது. ஸ்டிரிப் செய்கிறவர்களுக்கு அங்கேதான் ஆரம்பம். கரிக்கோட்டின் நுனியில், ரத்தம் ஏறுகிற இடத்தில், ஒரு புரதத்தைத் துளியாக வைத்துக் காயவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் நொதி என்பார்கள், மகள் வாயில் என்சைம். பெயர் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். இது வருவது ஒரு பூஞ்சையிலிருந்து. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்று பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. வெங்காயம் உரிக்கும்போது தோலுக்கடியில் கறுப்புப் பொடி கையில் ஒட்டுமே, அதே பூஞ்சை இனம்தான். என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு கழுவித் தள்ளுகிற அந்தக் கறுப்பின் உறவுக்காரன்தான் ஐந்து நொடியில் எனக்குச் சர்க்கரை சொல்கிறான்.

ரத்தத்தில் எவ்வளவோ சாமான் ஓடுகிறது. அந்தக் கூட்டத்தில் இந்த என்சைம் குளுக்கோஸை மட்டும் கையைப் பிடித்து நிறுத்தி, அதனிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைக் கரிக்கோட்டிடம் கொடுத்தால் மின்சாரமாக ஓடும், மெஷின் எண்ணிவிடும். ஆனால் நேரே கொடுக்க முடியாது. வாங்குகிற இடம் புரதத்தின் உள்ளே ஆழத்தில் இருக்கிறது, கரிக்கோடு வெளியே இருக்கிறது. நான் கோயிலை வைத்துப் புரிந்துகொண்டேன். கருவறைக்குள் எரிகிற தீபத்தை வெளியே நிற்கிறவன் தொட முடியாது, பூசாரி தட்டில் ஏந்திக்கொண்டு வர வேண்டும். ஸ்டிரிப்பில் அந்தப் பூசாரி வேலையைப் பார்ப்பது என்சைமோடு சேர்த்துக் காயவைத்திருக்கும் ஃபெரிசயனைடு போன்ற ஒரு சின்ன மூலக்கூறு. உள்ளே போய் எலக்ட்ரானை வாங்கி வெளியே வந்து கரியிடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் உள்ளே போகும். மெஷின் செய்வதெல்லாம் அரை வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்து, வருகிற மைக்ரோ ஆம்பியரை எண்ணி, எண்ணாக மாற்றிக் காட்டுவது. கணக்குப்பிள்ளை வேலை. நாம் ஆயிரம், ரெண்டாயிரம் கொடுத்து வாங்கி உறை போட்டுப் பத்திரப்படுத்துவது கணக்குப்பிள்ளையை. முதலாளியைக் குத்தி எடுத்துக் குப்பையில் போடுகிறோம்.

இதன் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கப் பிளாட்டினத்தில் ஒரு மின்முனை, அதாவது மின்சாரம் போய்வருகிற உலோக நுனி, செய்தார். பிளாட்டினத்தை வெறுமனே ரத்தத்தில் வைத்தால் புரதம் படிந்து கெட்டுவிடும். அவர் அதற்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். ஆக்சிஜன் புகுந்து போகும், புரதம் வெளியே நிற்கும். இது வெளியானது 1956-ல். இதய அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே ரத்தத்தைக் கண்காணிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1962-ல் அவரும் சாம்ப் லையன்ஸும் அதே மின்முனையின் முன்னால் குளுக்கோஸ் ஆக்சிடேஸை ஒரு அடுக்காக அடைத்துவைத்தால் சர்க்கரையையும் அளக்கலாம் என்று காட்டினார்கள். என்சைம் குளுக்கோஸைத் தின்னும்போது ஆக்சிஜனையும் தின்கிறது. ஆக்சிஜன் எவ்வளவு குறைந்ததோ அதை வைத்துச் சர்க்கரையைக் கணக்குப் போட்டுவிடலாம். உயிருள்ளதிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் ஒரு உலோகத்தையும் அப்படி ஒட்டவைத்ததுதான் இன்றைக்கு நீங்கள் எழுதுகிற கைப்பட்டை வரைக்கும் வந்து நிற்கிறது. 1984-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு ஆட்கள் ஃபெரோசீன் என்ற பூசாரியைப் போட்டு ஆக்சிஜனின் தயவே வேண்டாம் என்று ஆக்கினார்கள். 1987-ல் பேனா அளவு மீட்டர் கடைக்கு வந்தது.

அதற்கு முன்னால் வந்த மீட்டர்கள் மின்சாரத்தை எண்ணவில்லை, நிறத்தைப் பார்த்தன. எங்கள் பாஷையில் ஷேடு பார்க்கிற மெஷின். 1969-ல் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற எஞ்சினியர், சின்ன வயதிலிருந்தே சர்க்கரை உள்ளவர், அதில் ஒன்று வாங்கப் போனார். டாக்டர்களுக்கு மட்டும்தான் விற்போம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி டாக்டர், அவர் பெயரில் வாங்கினார். எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட. அதை வைத்துத் தன் உடம்பைத் தானே படித்து, பிறகு 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரும் ஆகிவிட்டார். மனைவியின் தயவில் எதுவும் நடக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் மே மாதம். காலை வெறும் வயிற்றில் எனக்கு 92, 88, 95 என்று வந்துகொண்டிருந்தது. அதுவரை பார்க்காத எண்கள். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. சாயங்காலம் ஒரு மாத்திரையை நானாகவே நிறுத்தலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, மூன்று மாதச் சோதனைக்கு ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்கிற நாள் வந்தது. அன்று வீட்டில் 94. ஒரு மணி நேரம் கழித்து, எதுவும் சாப்பிடாமல், ஆய்வகத்தில் 168.

மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். மெஷின் கெட்டிருக்கும் என்று சொல்லி வேறு மெஷின் கொடுத்தார்கள். அதே ஸ்டிரிப்பைப் போட்டேன், அதே தொண்ணூற்றுச் சொச்சம். மகள்தான் கேட்டாள், "மெஷினை விடுங்கப்பா, டப்பா எங்க இருந்துச்சு?" திரும்பக் கடைக்குப் போய் நின்று பார்த்தேன். மேற்குப் பார்த்த கடை. கண்ணாடி அலமாரியில், பார்க்கிறவன் கண்ணில் படட்டும் என்று முன்வரிசையில் ஸ்டிரிப் டப்பாக்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து வெயில் நேரே அதன் மேல். டப்பாவில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது, 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று. திருப்பூரில் மே மாதம் அது நிழலிலேயே கிடைக்காது. பாதி என்சைம் செத்துப்போயிருக்கிறது. குளுக்கோஸ் இருக்கிறது, கையைப் பிடிக்க ஆள் இல்லை. மெஷின் வந்த எலக்ட்ரானை மட்டும் எண்ணி, 94 என்று நிதானமாகச் சொல்லிவிட்டது. அதன் மேல் தப்பே இல்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர், அவருக்கும் யாரும் சொல்லவில்லை. இப்போது டப்பாக்களை உள்ளே தள்ளிவைத்துவிட்டார்.

வெயில் மட்டும் எதிரி என்று நினைத்து நான் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். டப்பாவை ஃபிரிட்ஜில், மனைவியின் இன்சுலினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கும் மகளிடம் திட்டு. குளிரிலிருந்து எடுத்து மூடியைத் திறந்தால், சோடா பாட்டிலின் மேல் வேர்ப்பது போல உள்ளே ஈரம் இறங்கும். ஈரம் பட்டால் பூசாரி மூலக்கூறு ரத்தம் வருவதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிடும், அப்போது எண் ஏறிக் காட்டும். ஆக, வெயிலில் வைத்தால் ஒரு பொய், ஈரத்தில் வைத்தால் அதற்கு நேர் எதிர்ப் பொய். டப்பாவின் உள்சுவரிலேயே ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்துத்தான் தருகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அந்த டப்பாவிலிருந்து பாதி ஸ்டிரிப்பை எடுத்து, செய்தித்தாளில் விபூதி மாதிரி மடித்து மச்சானுக்குக் கொடுத்தனுப்பினார். உங்கள் பேப்பரா என்று கவனிக்கவில்லை.

இன்னொன்று, சிரிப்பு வரும். போன தைப்பூசத்துக்குப் பழனி போய்வந்த சம்பந்தி பஞ்சாமிர்தம் கொண்டுவந்தார். நான் தொடவில்லை, சத்தியம். பேரனுக்கு டப்பாவைத் திறந்து ஊட்டிவிட்டேன், அவ்வளவுதான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சர்க்கரை பார்த்தால் 341. வீட்டில் விசாரணைக் கமிஷன். ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், 220. மனைவி ஒன்றும் பேசாமல் சோப்பை நீட்டினார். கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 147. கணக்கு இதுதான்: ஸ்டிரிப் உறிஞ்சுவது அரை மைக்ரோலிட்டர் ரத்தம். சர்க்கரை 100 என்றால், அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் என்றால், அந்த அரை மைக்ரோலிட்டரில் இருப்பது அரை மைக்ரோகிராம் குளுக்கோஸ். விரல் ரேகையில் ஒளிந்திருக்கும் பஞ்சாமிர்தத்துக்கு இன்னொரு அரை மைக்ரோகிராம் கொடுப்பது பெரிய காரியமா? என்சைமுக்கு அது ரத்தத்துச் சர்க்கரையா, பழனிச் சர்க்கரையா என்று தெரியாது. சோப்பும் தண்ணீரும்தான், ஸ்பிரிட் போதாது.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. என் மச்சினருக்குச் சிறுநீரகம் போய், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஆரம்பிக்கும்போதே அங்கிருந்த நர்ஸ் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க என்ன ஸ்டிரிப் வெச்சிருக்கீங்க?" அதற்குக் காரணம் உண்டு. அந்த டயாலிசிஸ் திரவங்களில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு வகை, அது உடம்பில் மால்டோஸாக உடைகிறது. சில ஸ்டிரிப்புகளில் குளுக்கோஸ் ஆக்சிடேஸுக்குப் பதிலாக இன்னொரு என்சைம் வைத்திருப்பார்கள், அதில் ஒரு ரகத்துக்குக் குளுக்கோஸும் மால்டோஸும் ஒன்றுதான். நிஜச் சர்க்கரை இறங்கிக் கிடக்கும், மீட்டர் ஏறிக் காட்டும், அதைப் பார்த்து இன்சுலின் போட்டால் ஆள் போய்விடுவார். அப்படி நடந்தும் இருக்கிறது. 1997-லிருந்து 2009 வரை இப்படித் தொடர்புபட்ட 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-ல் எச்சரிக்கை வெளியிட்டது. எல்லாம் ஸ்டிரிப் நுனியில் என்ன புரதம் இருக்கிறது என்ற ஒரே விஷயம். மெஷினின் திரை எவ்வளவு பெரியது என்பது அங்கே எதற்கும் உதவாது. ரத்தசோகை உள்ளவர்களுக்கும் பல மீட்டர்கள் ஏற்றிக் காட்டும். இதையும் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஸ்டிரிப்பே மோசம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பன்னாட்டுத் தரவிதிப்படி சர்க்கரை 100-க்கு மேல் இருந்தால், 100 முறை பார்த்ததில் 95 முறையாவது ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது நிஜம் 200 என்றால் 170 முதல் 230 வரை எது வந்தாலும் ஸ்டிரிப் பாஸ். முதலில் கேட்டபோது, 'இதற்கா ஒரு ஸ்டிரிப்புக்கு இருபது ரூபாய் கொடுத்தேன்' என்று கோபம் வந்தது. அப்புறம் என் தொழிலை யோசித்தேன். ஒரே மை, ஒரே ஸ்கிரீன், ஒரே ஆள், மழைக்காலத்தில் ஒரு ஷேடு வரும், வெயில் காலத்தில் ஒரு ஷேடு வரும். லாட் மாறினால் பையர் கண்டுபிடித்து ரிஜெக்ட் செய்வான். அவர்கள் ஒரு புரதத்தை லட்சக்கணக்கில் துளி வைத்து, லாட்டுக்கு லாட் அளந்து, அந்த லாட்டின் கணக்கை மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். முன்பு டப்பாவோடு ஒரு 'கோட்' (code) எண் வருமே, அதை மெஷினில் போடு என்பார்களே, அது ஷேடு கார்டுதான். அதில் 15 சதவீதத்துக்குள் நிறுத்துவது லேசுப்பட்ட வேலையில்லை. பிரிண்டிங்காரன் என்ற முறையில் கும்பிடுகிறேன். அப்படி நிறுத்தி அனுப்பியதைத்தான் நாம் வெயிலில் வைத்துக் கெடுக்கிறோம்.

இப்போது உங்கள் கைப்பட்டை. வியர்வையில் உள்ள சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அந்த நூறில் ஒன்றை, உப்பும் அழுக்கும் பவுடரும் கலந்த தோலின் மேல், கரண்ட் போன மதியத்தில் ஒருவிதமாகவும் ஏ.சி. அறையில் ஒருவிதமாகவும் வேர்க்கிற உடம்பில் அளக்க வேண்டும். முடியாது என்று சொல்ல நான் யார். ஆனால் 2014 ஜனவரியில் கூகுள், கண்ணீரிலிருந்து சர்க்கரை அளக்கும் கான்டாக்ட் லென்ஸ் செய்வதாக அறிவித்தபோதும் உலகம் முழுக்க இப்படித்தான் படம் போட்டார்கள். 2018 நவம்பரில் அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். கண்ணீர்ச் சர்க்கரைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் நம்பும்படியான பொருத்தம் கிடைக்கவில்லை என்பது காரணம். சிப் நன்றாகத்தான் இருந்தது.

கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஜெயித்திருக்கிறது, அது உண்மை. அது தோலுக்கு மேல் நிற்கவில்லை, ஒரு மெல்லிய இழை தோலுக்குள் போய் அங்குள்ள திரவத்தைத் தொடுகிறது. அதன் முனையிலும் பெரும்பாலும் அதே குளுக்கோஸ் ஆக்சிடேஸ்தான். பதினான்கு நாளைக்கு ஒருமுறை சில ஆயிரம் ரூபாய் என்பதால் என் வீட்டுக்குள் இன்னும் வரவில்லை.

இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் சொன்னதை உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். அதில் எத்தனை பேர் வீட்டில் டப்பா ஜன்னலோரம் இருக்கிறது? டப்பாவின் மேல் தமிழில் மூன்று வரி போதும். வெயிலிலும் ஃபிரிட்ஜிலும் வைக்காதே. எடுத்ததும் மூடு, திறந்த தேதியை எழுது. சோப்புப் போட்டுக் கை கழுவு. பீடிக்கட்டில் எச்சரிக்கைப் படம் அச்சடிக்க இடம் இருக்கிறது, இதற்கு இருக்காதா? கம்பெனிகள் செய்கிற வரைக்கும் மெடிக்கல் ஷாப்காரர்கள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். எங்கள் பட்டறையில் ஆயிரம் ஸ்டிக்கர் அடித்து எங்கள் வார்டுக் கடைகளுக்குக் கொடுத்திருக்கிறேன், கூலி வாங்கவில்லை. மாதம் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அம்மா ஒருத்தர், ஸ்டிரிப்பை எடுத்த கையோடு டப்பாவை மூடித் துணிப்பைக்குள் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "நெய் டப்பாவை இப்படித்தானுங்க மூடுவேன்" என்றார்.

ஒரு ஆசையையும் எழுதிவிடுகிறேன். காரைக்குடியில் 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மின்முனை என்றால் அங்கே எல்லாம் தெரியும். அங்கிருந்து நாலைந்து மணி நேரப் பயணத்தில் திருப்பூர், அச்சடிப்பது எப்படி என்று எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். வேலை குறைந்து மூடிக்கிடக்கும் பட்டறைகள் எங்கள் தெருவிலேயே மூன்று. தூசி இல்லாத அறை வேண்டும், ஈரப்பதம் கட்டுப்பாட்டில் வேண்டும், பனியன் பட்டறையில் அது நடக்காது என்று மகள் சொல்லிவிட்டாள். ஏற்றுமதித் தரத்துக்குப் பையர் கேட்டதையெல்லாம் செய்துகொடுத்த ஊர் இது, அறை கட்டத் தெரியாதா என்று நானும் பதில் சொல்லியிருக்கிறேன். சண்டை இன்னும் முடியவில்லை.

உங்கள் கட்டுரை இப்போதும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. கிழிக்க மனைவி விடவில்லை. அதன் ஓரத்தில் நான் பேனாவால், 'என்சைம் என்ன? எத்தனை நாள்? எவ்வளவு சூடு தாங்கும்?' என்று எழுதிவைத்திருக்கிறேன். எழுதிய நிருபர் அந்த விஞ்ஞானிகளிடம் இந்த மூன்றையும் கேட்டு, அடுத்த ஞாயிறு நாலு வரி போட்டால் போதும். அதையும் கத்தரித்துப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய பிரிண்டிங்காரர் ஒருவர்,
திருப்பூர்.